பாதி ஏற்றத்தில் நிற்காத குதிரை: பழைய ஹாக்கன் துப்பாக்கிக்கு உதிரிப்பாகம் தேடிய அனுபவம்

என்னிடம் இருப்பது தாம்சன்/சென்டர் நிறுவனத்தின் ஹாக்கன் துப்பாக்கி. குழலின் வாய்வழியே கரிமருந்தும் குண்டும் கெட்டித்து, நிப்பிள் என்ற துளையுள்ள சிறு முனையின் மேல் 11ஆம் எண் கேப்பை (அடித்தால் தீப்பொறி தரும் சிறு உலோக மூடி) மாட்டிச் சுடும் வகை. 50 கேலிபர், 28 அங்குல எண்கோணக் குழல், பித்தளைப் பூண்கள். வயது முதிர்ந்த நண்பர் ஒருவர், இனித் தம்மால் அதைப் பராமரிக்க இயலாது என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். குழல் சுத்தமாக இருந்தது, மரமும் விரிசலின்றி இருந்தது. ஆனால் குதிரையை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தியல் போன்ற பாகத்தை, பாதி மட்டும் பின்னிழுத்த நிலையான பாதி ஏற்றத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் லேசாக முன்னோக்கி அழுத்தியபோது அது நழுவி நிப்பிளின் மேல் விழுந்துவிட்டது.

இத்தகைய துப்பாக்கியில் தனியாகப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. பாதி ஏற்றம்தான் பாதுகாப்பு. அந்த நிலையில்தான் கேப்பை மாட்டுகிறோம், அந்த நிலையில்தான் கையில் ஏந்தி நடக்கிறோம். அது நிற்கவில்லையென்றால் துப்பாக்கி சுவரில் தொங்கும் பொருள் மட்டுமே என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எனவே அதைச் சரிசெய்யாமல் ஒரு குண்டுகூடச் சுடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் குழல் காலியாக இருக்கிறதா என்று பார்த்தேன். கெட்டிக்கும் கோலை உள்ளே முழுவதும் இறக்கி, வாயின் விளிம்பில் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்து, அதன் நுனி நிப்பிள் இருக்கும் இடம்வரை வருகிறதா என்று ஒப்பிட வேண்டும். அந்த இடத்தை எட்டாமல் குறைந்தால் உள்ளே பழைய மருந்து இருக்கக்கூடும் என்று பொருள். கைமாறி வரும் வாய்வழித் துப்பாக்கிகளில் இது அரிதான நிகழ்வு அல்ல. ஆண்டுக்கணக்கில் கெட்டித்த நிலையிலேயே கிடந்தவை உண்டு. என்னுடையது காலியாகவே இருந்தது.

பிறகு குழலை மரத்தோடு பிடித்திருக்கும் ஆப்பை உருவிக் குழலைக் கழற்றி, குதிரையை இயக்கும் பொறியான பூட்டையும் வெளியே எடுத்தேன். குதிரையோடு சேர்ந்து சுழலும் டம்ப்ளர் என்ற பாகத்தில் இரண்டு வெட்டுகள் இருக்கும்: ஒன்று பாதி ஏற்றத்துக்கு, மற்றொன்று முழு ஏற்றத்துக்கு. சியர் என்ற நெம்புகோலின் மூக்கு அவற்றில் அமர்ந்துதான் குதிரையை நிறுத்துகிறது. பாதி ஏற்ற வெட்டு ஆழமாகவும் உதடு போன்ற விளிம்போடும் இருக்க வேண்டும். விசையை (ட்ரிகரை) இழுத்தாலும் மூக்கு வெளியே வராதபடி அந்த உதடு பிடித்துக்கொள்ளும். என் துப்பாக்கியில் அந்த உதட்டின் பாதி உடைந்திருந்தது. நிப்பிளின் துளையும் அரித்துப் பெரிதாகியிருந்தது. துளை பெரிதானால் ஒவ்வொரு முறை சுடும்போதும் வாயு பின்னோக்கிப் பாய்ந்து குதிரையைத் தூக்கி எறியும். அந்த உதைதான் நாளடைவில் வெட்டைச் சிதைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

அரத்தால் ராவி வெட்டைச் சீராக்கிவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். நான் அதற்கு இணங்கவில்லை. இப்படிப்பட்ட பாகங்களில் கடினமாக்கப்படுவது பெரும்பாலும் மேற்பரப்பு மட்டுமே. அந்த மெல்லிய படலத்தை ராவி எடுத்துவிட்டால் அடியிலுள்ள மென்மையான எஃகு விரைவிலேயே தேய்ந்துவிடும். உடைந்த உதட்டை ராவி மீட்கவும் முடியாது. புதிய டம்ப்ளர்தான் வேண்டும்.

தேடல் அங்கேதான் கடினமாகத் தொடங்கியது. தாம்சன்/சென்டர் நிறுவனம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ராச்செஸ்டரில் 1970இல் இந்த மாதிரியை வெளியிட்டது. 2007இல் நிறுவனம் ஸ்மித் அண்ட் வெஸன் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2021இல் அவர்கள் அந்தப் பெயரையே விற்கப்போவதாக அறிவித்தார்கள். ஹாக்கன் உற்பத்தி நின்றுபோய்விட்டதால், பழைய இருப்பை வாங்கி வைத்திருக்கும் கடைகளும், பழுதான துப்பாக்கிகளைப் பிரித்து விற்பவர்களும்தான் வழி. நம்ரிக் (Numrich) போன்ற உதிரிப்பாகக் கடைகள் வெளியிடும், பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் படம் எனக்குப் பெரிதும் உதவியது. ஒவ்வொரு பாகத்தின் சரியான பெயரையும் அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஆனால் நான் பார்த்த நாளில் டம்ப்ளருக்கு எதிரே இருப்பு இல்லை என்றே போட்டிருந்தது.

அடுத்து நான் செய்தது தவறு. ‘ஹாக்கன் டம்ப்ளர்’ என்று ஒரு விற்பனையாளர் குறிப்பிட்டிருந்ததை, அளவு கேட்காமல் வாங்கிவிட்டேன். வந்த பாகம் கையில் எடுத்த உடனேயே வேறென்று தெரிந்தது. அதன் நுனியில் தகட்டுவில்லின் கொக்கி மாட்டுவதற்கான அமைப்பு இருந்தது. தாம்சன்/சென்டர் பூட்டில் தகட்டுவில்லே கிடையாது. சுருள்வில்தான் டம்ப்ளரைத் தள்ளுகிறது. இரண்டும் அடிப்படையிலேயே வேறு வேறு.

ஹாக்கன் என்பது ஒரு மாதிரியின் பெயர் அன்று என்பதை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செயின்ட் லூயிஸில் துப்பாக்கி செய்த ஜேக்கப், சாமுவேல் என்ற சகோதரர்களின் குடும்பப் பெயர் அது. அவர்களுடைய பாணியைத் தழுவியதாகச் சொல்லி அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பல நிறுவனங்கள் அதே பெயரில் துப்பாக்கிகளைச் செய்திருக்கின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒரு திருகுகூடப் பொருந்தாமல் போகலாம்.

நிப்பிளிலும் இதே பாடம். தாம்சன்/சென்டர் நிப்பிளின் மரை கால் அங்குலம், அங்குலத்துக்கு 28 சுற்று. அதாவது விட்டம் 6.35 மில்லிமீட்டர், மரைகளுக்கிடையே ஏறக்குறைய 0.91 மில்லிமீட்டர். ஐரோப்பியத் துப்பாக்கிகள் பலவற்றில் 6 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட மரை. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். 6 மில்லிமீட்டர் நிப்பிள் கால் அங்குலத் துளையில் தளர்வாக நுழைந்து, ஒன்றிரண்டு சுற்று பிடித்ததுபோலவும் தோன்றும். அப்படிச் சுட்டால் அது பிய்த்துக்கொண்டு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பறக்கக்கூடும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: வெர்னியரும் மரை அளவியும் இல்லாமல் நிப்பிள் வாங்காதீர்கள். விரலால் எளிதாகச் சுற்றி அடிவரை இறங்க வேண்டும், பக்கவாட்டில் சிறிதும் ஆடக்கூடாது. புதியதை மாட்டும்போது மரையில் இறுகாமல் தடுக்கும் பசையைத் தடவினால், அடுத்த முறை கழற்றும்போது உடையாது.

டம்ப்ளர் தனியாகக் கிடைக்காது என்று தெளிவானபின், முழுப் பூட்டையே தேடத் தொடங்கினேன். எல் அண்ட் ஆர் நிறுவனம் தாம்சன்/சென்டர் ஹாக்கனுக்கு மாற்றாகத் தகட்டுவில் பூட்டு ஒன்றைச் செய்கிறது. தரமானது, ஆனால் அது உட்கார மரத்தைச் சிறிது செதுக்க வேண்டிவரும். நண்பர் தந்த மரத்தில் உளி வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு வழியே இல்லையென்றால் அதற்குப் போகலாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

தாம்சன்/சென்டர் நிறுவனத்தின் ரெனிகேட் என்ற மாதிரிக்கும் அதே சுருள்வில் பூட்டுதான் என்று அனுபவமுள்ள ஒருவர் சொன்னார். ரெனிகேட்டின் குழல் தடிமன் வேறு, ஆதலால் குழலை மாற்ற முடியாது. கேப் வகைப் பூட்டு மட்டும் மாறும். ஹாக்கன் பூட்டில் உள்ள அலங்கார வேலைப்பாடு அதில் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. ஹாக்கன் என்ற சொல்லை மட்டுமே வைத்துத் தேடிக்கொண்டிருந்த நான், ரெனிகேட் என்று தேடியதும் பழைய பூட்டுகள் கண்ணில் படத் தொடங்கின.

இம்முறை அவசரப்படவில்லை. பூட்டின் உட்புறப் படம், பாதி ஏற்ற வெட்டின் நெருக்கப் படம், தகட்டின் நீளம், திருகுத் துளைகளின் இடைவெளி ஆகியவற்றைக் கேட்டேன். என் பூட்டை அளவுகோலோடு படமெடுத்து அனுப்பி ஒப்பிடச் சொன்னேன். பதில் சொல்ல விரும்பாத ஒருவரை விட்டுவிட்டு, பொறுமையாக எல்லாவற்றையும் அனுப்பிய மற்றொருவரிடம் வாங்கினேன். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், கரிமருந்துக்கென்றே அமைந்த இத்தகைய துப்பாக்கிகளைப் பொதுவாகப் பழம்பொருள் வகையில் வைப்பதால், பூட்டு சாதாரண அஞ்சலிலேயே வந்தது. மாநிலச் சட்டங்களும் பிற நாடுகளின் சட்டங்களும் வேறுபடும்; வாங்கும் முன் அதை விசாரித்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு.

பூட்டு மரத்தில் உட்கார்ந்தது, ஆனால் குதிரை கீழிறங்கும் வேகத்தில் தயக்கம் இருந்தது. எண்ணெயில் குழைத்த விளக்குக்கரியை உட்பாகங்களில் தடவி மாட்டிக் கழற்றியபோது, சியரின் கை ஓரிடத்தில் மரத்தை உரசுவது கறையாகத் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் தாள் கனம் அளவுக்குச் சுரண்டினேன், உளி தேவைப்படவில்லை. இந்தத் துப்பாக்கியில் இரண்டு விசைகள் உண்டு: பின்னதை இழுத்து வைத்தால் முன்னது மிக லேசாக இயங்கும். அதன்பின் பின்விசையை இழுத்து வைத்தும், வைக்காமலும், இரு முறையிலும் முன்விசை சியரைத் தூக்குகிறதா என்று சரிபார்த்தேன். நிப்பிளின் மேல் தடித்த தோல் துண்டை வைத்து, மருந்தும் கேப்பும் இல்லாமல், ஐம்பது முறை ஏற்றி இறக்கினேன். பாதி ஏற்றத்தில் நிறுத்தி விசையை அழுத்தியும், குதிரையை முன்னோக்கித் தள்ளியும் பார்த்தேன். ஒரு முறைகூட நழுவவில்லை.

பழைய பூட்டை எறியவில்லை. அதன் சுருள்வில், சியர், திருகுகள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அளந்து, அளவையும் பெயரையும் சீட்டில் எழுதி, எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். ஹாக்கனின் வேலைப்பாடு கொண்ட அந்தத் தகட்டுக்குள் பொருத்த நல்ல டம்ப்ளர் ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.