சுண்டிக்குளக் கரையில் பனை விதைத்த மாதங்கள்

2023 செப்டம்பர் 24, ஞாயிறு

கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டு, பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பி, தருமபுரம், கல்லாறு வழியாகச் சுண்டிக்குளத்தை அடைந்தோம். 1938 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015 இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்ட நிலம் இது. நகரத்துக்கு இத்தனை அருகில் இருந்தும் எங்கள் பிள்ளைகளில் பலர் இதைக் கண்டதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். ஒருபுறம் கடலும் மறுபுறம் உவர்நீர் தேங்கும் களப்புமாக, இடையில் நீண்டு கிடக்கும் மணற்றிட்டில் பனையும் பற்றைக்காடும் நிற்கின்றன. போர்க்காலத்தில் காப்பரண்களுக்காக வன்னியில் எத்தனையோ பனைகள் தறிக்கப்பட்டன. அதனிடையே 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலையும் இக்கரையைத் தாக்கியது. வெறுமையாகிப்போன இடங்களில் மணல் இன்றும் காற்றோடு உள்ளே நகர்கிறது. பூங்கா எல்லைக்கு வெளியே, கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட பகுதியில் மட்டும், உரிய அனுமதியுடன் பனை விதைத்து மணலைத் தடுக்கும் வேலையைச் செய்வதென்று தீர்மானித்தோம்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஊர்களில் சேர்த்த பனங்கொட்டைகளைச் சாக்குகளில் கொண்டுவந்தோம். நாற்றுப் பைகளில் வளர்த்து, பெரிதான பின் நடலாமே என்று ஒருவர் கேட்டார். அருகில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர், "தம்பி, பனை முதலிலை கீழைதான் போகும். பையிலை வளர்த்துத் தூக்கியந்து வைக்க ஏலாது. நிக்கப்போற இடத்திலையே போடுங்கோ" என்றார். அவர் சொன்னதே சரி. பனங்கொட்டையின் முளை நிலத்துக்குள் ஆழமாக இறங்கிக் கிழங்காகத் திரண்ட பின்னரே ஓலை மேலே வருகிறது; அதைக் கிண்டிப் பெயர்த்தால் பெரும்பாலும் பட்டுப்போகும். ஆகவே மாரி மழைக்கு முன், விதைத்த இடத்திலேயே அது வேர்பிடிக்க வேண்டும். கிழங்குக்காக யாரும் கிண்ட வேண்டாமென்று வீடு வீடாகச் சென்று கேட்டுக்கொண்டோம். வடலியாகி, பின் மரமாகிக் காய்க்கப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகலாம். அதற்குப் பொறுமையுள்ளவர்களே இந்த வேலைக்கு வரவேண்டும் என்பது என் எண்ணம்.

அக்டோபர் 22, ஞாயிறு

கடலோர மேட்டில் அடம்பன் தண்டுகளைப் பதித்தோம். கிழிந்த நைலோன் வலைகளையும் பொலித்தீனையும் பொறுக்கவே பாதி நாள் போயிற்று. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழி இம்மேட்டில் அப்படியே பொருந்தும். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்வது அதுதான். விரைவாக வளருமென்று சிலர் சவுக்கு மரத்தை விரும்புகிறார்கள். அதன் சருகு தடிப்பாகப் படிந்த இடத்தில் இக்கொடிகள் தழைப்பதில்லை என்பதால் நான் உடன்படவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

இன்று களப்போரச் சேற்றுநிலத்தில், உவர்நீரில் வளரும் கண்டல் மரங்களை நடலாமா என்று நீண்ட நேரம் பேசினோம். ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு, அவற்றில் ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் எஞ்சவில்லை என்கிறது. நடப்பட்ட 1000 முதல் 1200 ஹெக்டேயரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே நிலைத்திருக்கிறது. பொருந்தாத இடத்தில், பொருந்தாத இனத்தை நட்டுவிட்டு, பின்னர் பராமரிக்காமல் விட்டதே பெரும் காரணம். எனவே கன்று வாங்க வைத்திருந்த பணத்தில், பழைய மண் அணையொன்றால் அடைபட்டிருந்த சிறு வாய்க்காலைத் திறப்பதென்று முடிவு செய்தோம். நீர் வந்து போனால், அயலிலுள்ள தாய்மரங்களின் விதைகள் தாமாகவே மிதந்துவந்து தமக்கேற்ற மட்டத்தில் ஊன்றிக்கொள்ளும். மேலும், சேற்றுநிலம் எல்லாவற்றையும் மரத்தால் மூடுவது நல்லதல்ல. நவம்பர் முதல் வலசை வரும் பூநாரைகளும் வாத்துகளும் திறந்த ஆழமற்ற நீரில்தான் இரை தேடுகின்றன.

டிசம்பர் 24, ஞாயிறு

இம்மாதப் பெருமழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கனகராயன் ஆற்று வெள்ளம் களப்புக்குள் இறங்கியது. கிராமங்களில் வெள்ளம் புகுந்ததால் வேலையை நிறுத்தி, உலருணவு கொண்டுபோகும் வேலைக்கு எங்களவர்கள் சென்றார்கள். இன்றுதான் கரையைப் பார்க்க முடிந்தது. தாழ்ந்த ஓரத்தில் பதித்த அடம்பன் முழுவதும் அள்ளுண்டு போயிற்று. மேட்டிலுள்ளவை புதுத் துளிர் விட்டிருக்கின்றன. வாய்க்காலில் நீர் தடையின்றி ஓடுகிறது. பனங்கொட்டைகளைத் தோண்டிப் பார்க்க இளைஞர்கள் ஆசைப்பட்டார்கள், நான் மறித்துவிட்டேன். மழை ஓய்ந்ததும் மாடுகள் இங்கே மேய வரும். தை பிறப்பதற்குள் விதைத்த பகுதிக்கு தடி, கிளைகளாலான அலம்பல் வேலி அடைப்பது பற்றி மாடு வளர்ப்பவர்களுடன் பேசி, மேய்ச்சலுக்கு எந்தப் பக்கத்தை விடுவதென்று அவர்களையே சொல்லச் செய்ய வேண்டும்.