555 நோட்டுக்கு எத்தனை பாயின்ட்?

எங்கள் கோலாலம்பூர் மென்பொருள் அலுவலகத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பட்டை வரைபடம் திரையில் ஏறும். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்று நாங்கள் போடும் எண்தான் ஸ்டோரி பாயின்ட். குழு முடித்த பாயின்ட்டுகளின் கூட்டுத்தொகை அந்தப் பட்டை. வெலாசிட்டி என்று பெயர். பக்கத்துக் குழுவின் பட்டை எங்களுடையதைவிட உயரம் என்று மேலாளர் ஒருமுறை சொல்லிக்காட்டினார். அடுத்த ஸ்பிரிண்டிலேயே, அதாவது அடுத்த இரண்டு வாரச் சுற்றிலேயே, எங்கள் பட்டையும் வளர்ந்துவிட்டது. முன்பு 3 விழுந்த வேலைகளுக்கெல்லாம் இப்போது 5 விழுந்தது, அவ்வளவுதான். பாயின்ட் என்பது ஒரு குழு தன் திட்டமிடலுக்காகப் போட்டுக்கொள்ளும் குத்துமதிப்பு. அடுத்த குழுவோடு ஒப்பிட்டால் இப்படித்தான் ஊதிப்போகும். ஸ்டோரி பாயின்ட்டைக் கண்டுபிடித்தது நானாக இருக்கக்கூடும், அப்படியானால் வருந்துகிறேன் என்று மென்பொருள் வல்லுநர் ரான் ஜெஃப்ரிஸே எழுதியிருக்கிறார்.

நாங்கள் செய்வது மளிகைக்கடைகளுக்கான கணக்குச் செயலி. கடன் கணக்குப் பகுதி வெளியானபோது பிழை இல்லை, தாமதம் இல்லை, கைதட்டல் உண்டு. மென்பொருளை எப்படி உருவாக்க வேண்டும் என்று 2001 பிப்ரவரியில் அமெரிக்காவில் யூட்டாவின் பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் 17 பேர் கூடிப் பிறந்த அஜைல் அறிக்கையின் கொள்கைகளில் ஒன்று, இயங்கும் மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் என்கிறது. எங்களுடையது நன்றாகவே இயங்கியது. எங்கள் கணினிகளில்.

பினாங்கு லெபோ பாசாரில் செயலியை வாங்கிய ஒரு கடைக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். கல்லாவின் அருகே எங்கள் டேப்லெட், அதன்மேல் 555 நோட்டு. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சின்ன நோட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: கடைகளில் கடன் கணக்கு எழுதிவைக்கும் நோட்டு.

“இதில் ஏன் எழுதவில்லை அண்ணே?” என்று டேப்லெட்டைக் காட்டினேன்.

“அது போன் நம்பர் கேட்கிறது தங்கச்சி. மூக்குத்தி அக்காவிடம் போய் நம்பர் கேட்டால், என்னை நம்பவில்லையா என்பார்.”

நோட்டைப் புரட்டிக் காட்டினார். மூக்குத்தி அக்கா, மாடிவீட்டு மணியம், ரொட்டிக்கடை மாமா. முழுப்பெயர் ஒன்றுகூட இல்லை. நான் நிற்கும்போதே ஒருவர் வந்து பாக்கியைக் கொடுத்தார். கடைக்காரர் நோட்டை அவர் பக்கம் திருப்பிவைத்து, அவர் பார்க்கப் பார்க்கக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ரசீது அதுதான். எங்கள் செயலியிலோ கடன் தீர்ந்தால் அந்த வரி சத்தமில்லாமல் மறைந்துபோகும். கொடுத்தவர் கண்ணுக்கு எதுவுமே நடக்காது. வடிவமைப்பாளருக்கு அதில் தனிப் பெருமை வேறு.

திரும்பி வந்து இரண்டு மாற்றங்கள் செய்தோம். தொலைபேசி எண் கட்டாயம் இல்லை, பட்டப்பெயர் போதும். தீர்ந்த கடன் மறையாது, கோடிட்டபடி அன்று முழுவதும் திரையில் நிற்கும். இரண்டும் சேர்ந்து 5 பாயின்ட். அதே ஸ்பிரிண்டில் 21 பாயின்ட்டுக்கு ஓர் அறிக்கைப் பக்கமும் முடிந்தது. வட்டம், பட்டை, வண்ணம் எல்லாம் உண்டு. அதைத் திறந்து பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் எங்கள் விற்பனைப் பிரிவினர்தான். வெலாசிட்டியின் கணக்கில் மட்டும் அது நான்கு மடங்குக்கு மேல் பெரிய சாதனை.

அதன்பின் நான் வாரந்தோறும் பார்ப்பது வேறு எண்: செயலியில் எழுதிய கடனைச் செயலியிலேயே தீர்த்த கடைகள் எத்தனை. எழுதுவது மட்டும் போதாது, சோதித்துப் பார்க்க யாரும் எழுதுவார்கள். எழுதியது தீராமலே கிடந்தால், ஆள் நோட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று பொருள். எத்தனை முறை வெளியிடுகிறோம், வெளியிட்டதில் எத்தனை உடைகிறது, எவ்வளவு நேரத்தில் சீர்செய்கிறோம் என்பதையும் பார்க்கத்தான் செய்கிறேன். அவை குழாய் அடைக்காமல் ஓடுகிறதா என்று சொல்லும். தண்ணீரை யாராவது குடிக்கிறார்களா என்று சொல்லாது.

மேலாளருக்கு இந்த எண் பிடித்துவிட்டது. அதில்தான் எனக்குப் பயம். விற்பனைப் பிரிவுக்கு இதையே இலக்காக வைக்கலாமா என்று கேட்டார். வைத்தால் அடுத்த மாதமே விற்பனையாளர் கடையில் உட்கார்ந்து, தானே பத்துக் கடனை எழுதித் தானே தீர்த்துவைப்பார். அளவுகோலை இலக்காக்கினால் அது கெட்டுவிடும் என்ற கருத்துக்குப் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அவர் அதன் முதல் வடிவத்தைச் சொன்னது 1975இல், அதுவும் பணக்கொள்கை பற்றி. எங்கள் விற்பனைப் பிரிவுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இப்போதைக்கு அந்த எண் குழுவுக்குள் மட்டும் இருக்கட்டும் என்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். பட்டை வரைபடம் இன்னும் திரையில் ஏறுகிறது. அறிக்கைப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று பேக்லாக்கில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், எழுதிவைத்தேன். எடுப்பதற்கு எத்தனை பாயின்ட் என்று உடனே ஒரு கேள்வி வந்தது. பூஜ்யம் என்று போட்டிருக்கிறேன், இன்னும் யாரும் கையில் எடுக்கவில்லை.