வீல்சேர் கம்பெனி செய்த மோட்டோகிராஸ் வண்டி

மண்மேட்டிலும் சேற்றிலும் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயத்துக்கான பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டார்தான். வரட்டும், தப்பில்லை. அந்த 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின் மேடேறும்போது அடிவயிற்றில் இடிக்கிற சத்தத்தைக் கேட்டவன் அதைக் குறை சொல்ல மாட்டான். அடுத்தது ரிக்மன் அண்ணன் தம்பி நியூ மில்டனில் செய்த மெட்டிஸ். நிக்கல் பூசிய ஃபிரேம், நடுவில் ட்ரையம்ஃப் எஞ்சின். ஸ்டீவ் மெக்வீனே ஒன்று வைத்திருந்தார் என்றால் கேட்கவா வேண்டும்? எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் கூட்டம் இந்த இரண்டையும் மொய்த்துக்கொண்டிருக்கும். என்னைத் தேடுகிறவர்கள் நாலு வண்டி தள்ளி, வீல்சேர் கம்பெனி செய்த அந்த நீல நிற கிரீவ்ஸ் நிற்கும் இடத்துக்கு வரலாம்.

லட்சணமான வண்டி என்று நானே சொல்ல மாட்டேன். மற்ற வண்டிகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே இரும்புக் குழாய் இறங்கும். இதில் அந்த இடத்தில் ஒரு தடித்த அலுமினிய உத்தரம், ஐ வடிவத்தில் வார்த்தது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கே கிடையாது. ரப்பர் புஷ், அதாவது ரப்பர் உருளை, முறுக்கிக்கொண்டு திரும்புவதுதான் ஸ்பிரிங். "ஏதோ தண்டவாளத்தை வெட்டி ஒட்டின மாதிரி இருக்குதே" என்றான் என் மச்சான் முதல் தடவை பார்த்தபோது. அவன் ஹோண்டா ஆள், விட்டுவிட்டேன்.

இந்த விசித்திரத்துக்கெல்லாம் காரணம் கம்பெனி பிறந்த கதை. கம்பெனியைத் தொடங்கிய பெர்ட் கிரீவ்ஸுக்கு டெர்ரி ப்ரெஸ்டன்-காப் என்று ஒரு உறவுக்காரப் பையன், கால் நடமாட்டம் இல்லாதவர். அவருடைய வீல்சேரில் கிரீவ்ஸ் ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்திக் கொடுத்தார். அது தொழிலாக வளர்ந்து, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இருவரும் சேர்ந்து இன்வாகார் கம்பெனியைத் தொடங்கினார்கள். போரில் கால் போனவர்களுக்கும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் மூன்று சக்கர மோட்டார் வண்டி செய்து தந்த கம்பெனி அது. அரசாங்க ஆர்டர் நிலையாக வந்துகொண்டிருந்ததால், 1953 வாக்கில் கிரீவ்ஸ் என்ற பெயரில் மோட்டார்சைக்கிளில் கை வைக்கத் துணிச்சல் வந்தது. ரப்பர் புஷ் சஸ்பென்ஷன் அவர்களுக்குப் பழகிய சங்கதி. வார்ப்புப் பட்டறையும் கைவசம் இருந்தது. கையில் இருந்ததை வைத்துச் சமைத்தார்கள், அவ்வளவுதான். எஸ்ஸெக்ஸில் தண்டர்ஸ்லி என்ற சின்ன ஊரில் இதெல்லாம் நடந்தது.

எஞ்சின் வெளியே வாங்கியது, வில்லியர்ஸ் என்ற எஞ்சின் கம்பெனியின் டூ ஸ்ட்ரோக். அன்றைக்கு ஸ்க்ராம்பிள் பந்தயம் (மோட்டோகிராஸின் பழைய பெயர்) என்றால் பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் என்று எழுதி வைத்திருந்த காலம். டூ ஸ்ட்ரோக் என்றால் வேலைக்குப் போய்வரும் வண்டி. 1957-இல் பிரையன் ஸ்டோன்பிரிட்ஜ் என்ற நெட்டை மனிதர் ஷ்ராப்ஷயரின் ஹாக்ஸ்டோன் பார்க்கில் 197 சிசி கிரீவ்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினார். 350 சிசி பந்தயத்தை ஜெயித்தார். 500 சிசி பந்தயத்திலும் இரண்டாவது. ஹாக்ஸ்டோன் மேட்டைப் பார்த்தவர்களுக்கு இது என்ன காரியம் என்று புரியும். நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும் செங்குத்து அது. கம்பெனி அடுத்த மாடலுக்கு அந்த இடத்தின் பெயரையே வைத்தது. 1959-இல் ஸ்டோன்பிரிட்ஜ் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். அவர் விட்ட இடத்தைப் பிடித்த சஃபோக் பகுதிக்காரர் டேவ் பிக்கர்ஸ், 1960, 1961 இரண்டு வருடமும் 250 சிசி ஐரோப்பிய சாம்பியன். பிற்காலத்தில் பிக்கர்ஸ் சினிமா ஸ்டண்ட் வேலைக்குப் போய்விட்டார் என்பது தனிக்கதை.

வில்ட்ஷயரில் நான் இருக்கும் ஊரிலிருந்து ஃபார்லி காசில் மோட்டோகிராஸ் டிராக் கிட்டத்தில்தான். பழைய வண்டிப் பந்தயம் நடக்கும் நாட்களில் மேட்டில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே நினைவு: அறுபதுகளில் குளிர்காலச் சனிக்கிழமைகளில் பிபிசியில் கறுப்பு வெள்ளையில் ஓடிய சேற்றுப் பந்தயம். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஜெஃப் ஸ்மித்தில் ஆரம்பிப்பார்கள். 1964, 1965 இரண்டு வருடமும் பிஎஸ்ஏவில் 500 சிசி உலக சாம்பியன். அதற்கப்புறம் அந்தப் பட்டம் ஒரு பிரிட்டிஷ் வண்டிக்குக் கிடைக்கவே இல்லை. அடித்துக்கொண்டு போனது யார்? செக் நாட்டு சீசட், ஸ்வீடனின் ஹுஸ்க்வார்னா என்று லேசான டூ ஸ்ட்ரோக்குகள். கிரீவ்ஸ் காட்டிய வழியில் மற்றவர்கள் போய்ச் சேர்ந்தார்கள் என்று நான் வாதாடுவேன். பெரியவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

என்னிடம் இருப்பது 250 சிசி ஹாக்ஸ்டோன், வில்லியர்ஸ் எஞ்சின். வாங்கும்போது ஃபோர்க் ரப்பரெல்லாம் கருங்கல்லாக இறுகிப்போயிருந்தது. பழைய புஷ்ஷை வைஸில் வைத்து வெளியே தள்ளுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். புதுசு போடும்போது கவனம் வேண்டும். எந்தக் கோணத்தில் வைத்து இறுக்குகிறோமோ அதுதான் ரப்பருக்குச் சும்மா இருக்கும் நிலை. அதை வைத்துத்தான் வண்டியின் முன்பக்க உயரம். அவசரப்பட்டு இறுக்கினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் தலை குனிந்து நிற்கும். அலுமினிய உத்தரத்துக்குள் ஹெட்ஸ்டாக்கின் (ஹேண்டில்பார் திரும்பும் கழுத்து) இரும்புக் குழாய் நுழையும் இடத்தை டார்ச் அடித்து, விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே மயிரிழை விரிசல் தெரிந்தால் வண்டியை விற்பவரிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். சரியாகச் சேர்ந்துவிட்டால், குண்டும் குழியுமான இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்தினாலும் மூக்கு கீழே குத்தாது. அதே காலத்து டெலிஸ்கோப்பிக் ஃபோர்க்கில், அதாவது ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் குழாய் ஃபோர்க்கில், அந்த நிம்மதி கிடையாது.

வில்லியர்ஸ் எஞ்சின் நம்மூருக்கும் புதிதல்ல. திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரியில் புல்லட்டோடு ஷெர்பா என்று ஒரு குட்டி வண்டியும் செய்தார்கள். 173 சிசி வில்லியர்ஸ் டூ ஸ்ட்ரோக். எங்கள் சித்தப்பா ஒன்று வைத்திருந்தார். புல்லட் வாங்கக் காசில்லாமல் வாங்கியது என்பார் சித்தி. பெட்ரோலும் ஆயிலும் கலந்து எரியும் அந்த நீலப்புகை நெடியில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் தொற்றியிருக்க வேண்டும். இதைப் படிக்கிற யார் வீட்டுப் பரணிலாவது ஷெர்பா எஞ்சின் கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கீழே ஒரு வரி எழுதுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்.