என்எல்பி கிளாஸ் தேடுனதும், அதுல எனக்கு கிடைச்சதும்

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில 14 வருஷமா மெர்ச்சண்டைசரா இருக்கேங்க. நாள் பூரா பேச்சு தான் வேலை, காலைல டையிங்காரர் கிட்ட, மத்தியானம் புரொடக்‌ஷன் மேனேஜர் கிட்ட, சாயங்காலம் பையர் கிட்ட. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கட்டத்துல போன் அடிச்சாலே நெஞ்சு படபடன்னு ஆயிரும், அந்த கோபம் எல்லாம் வீட்டுக்கு வந்து பொண்ணு மேல இறங்கும். அப்ப ஆபீஸ்ல ஒரு அக்கா தான் என்எல்பி கத்துக்கயேன்னு சொன்னாங்க. நியூரோ லிங்க்விஸ்டிக் புரோகிராமிங். நம்ம பேசற வார்த்தைக்கும் நினைக்கற விதத்துக்கும் நடந்துக்கற விதத்துக்கும் உள்ள தொடர்ப பாக்கறது, சுருக்கமா அவ்வளவு தான்.

முதல்ல போனது ஒரு இலவச கூட்டம். ஓட்டல் ஹால், சத்தமா பாட்டு, எல்லாரும் எந்திரிச்சு கைதட்டணும், பத்து நிமிஷத்துல எந்த பயத்தையும் எடுத்துருவோம்னாங்க, ஒருத்தரோட கண்ணு மேல வலது பக்கம் போனா அவர் பொய் சொல்றார்னு சொல்லித்தருவோம்னாங்க, கடைசில இன்னிக்கு ராத்திரிக்குள்ள கட்டினா பாதி ஃபீஸ்னாங்க. நான் பணம் அனுப்ப போனை கையில எடுத்துட்டேன். வீட்டுக்காரர் தான் "தூங்கி எந்திரிச்சு காலைல முடிவு பண்ணிக்கோ"ன்னார். காலைல உக்காந்து தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், ஒரு வாரம் படிச்சேன்.

இது 1970கள்ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சாண்டா குரூஸ் வளாகத்துல ஆரம்பிச்சது. ரிச்சர்ட் பேண்ட்லர் அங்க மாணவர், ஜான் கிரைண்டர் மொழியியல் சொல்லிக்குடுத்தவர். குடும்பங்களோட பிரச்சனைய பேசித் தீர்க்கறதுல பேர் போன வர்ஜீனியா சடீர், அப்பறம் கெஸ்டால்ட்ங்கற மனநல சிகிச்சைய உருவாக்கின ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், இவங்க ரெண்டு பேரும் ஆளுங்க கிட்ட என்ன கேக்கறாங்க எப்படி கேக்கறாங்கன்னு கவனிச்சு அதுல இருந்து எடுத்தது தான் முதல்ல வந்த மெட்டா மாடல்ங்கற கேள்வி கேக்கற முறை. ஹிப்னாடிசம் வச்சு சிகிச்சை பண்ணின மில்டன் எரிக்சன கவனிச்சது அதுக்கு அப்பறம். அந்த கண்ணு விஷயம் இருக்கே, அத 2012ல ரிச்சர்ட் வைஸ்மன்ங்கற உளவியல் பேராசிரியர் தன் குழுவோட சேர்ந்து பரிசோதிச்சு பாத்துட்டார், பொய் சொல்றவங்க கண்ணுக்கும் நிஜம் சொல்றவங்க கண்ணுக்கும் அப்படி ஒரு வித்தியாசமே இல்ல. என்எல்பி சொல்ற பல விஷயத்துக்கு ஆராய்ச்சி ஆதாரம் பலமா இல்லைங்கறதும் உண்மை, அத மறைச்சு நான் எழுத மாட்டேன். இந்த பேரு யாருக்கும் சொந்தமில்ல, யார் வேணும்னாலும் போர்டு மாட்டி கிளாஸ் எடுக்கலாம், சான்றிதழ்ல இருக்கற தங்க முத்திரைய பாத்து சேரக்கூடாது.

அதனால நான் போன் பண்ணின எல்லா டிரெய்னர் கிட்டயும் அந்த கண்ணு கேள்விய தான் முதல்ல கேட்டேன். கோயம்புத்தூர்ல ஒருத்தர், "அது ஆராய்ச்சில நிக்கலம்மா, என் கிளாஸ்ல அத எடுக்கறதில்ல"ன்னு சொன்னார். எத்தனை பேர் இருப்பாங்கன்னு கேட்டேன், 12 பேர். நாள்ல பாதிக்கு மேல மூணு மூணு பேரா உக்காந்து பயிற்சி தான், ஒருத்தர் பேசணும், ஒருத்தர் கேள்வி கேக்கணும், ஒருத்தர் பாத்துட்டு இருந்து சொல்லணும். ஏழு வாரம் சனி ஞாயிறு பஸ் பிடிச்சு போனேன். ரெண்டாவது வாரமே தூக்கமே வராம ரொம்ப ஒடஞ்சு போயிருந்த ஒருத்தர, இது இங்க பாக்கற விஷயம் இல்லீங்க, மனநல டாக்டர பாருங்கன்னு தனியா கூப்பிட்டு சொல்லி ஃபீஸ திருப்பிக் குடுத்தார், அன்னைக்கே சரியான இடத்துக்கு தான் வந்திருக்கோம்னு தெரிஞ்சுது.

எனக்கு அள்ளிக் குடுத்தது மெட்டா மாடல் தான். பேசறப்போ நாம என்னத்த விட்டுடறோம், என்னத்த பொதுவாக்கிடறோம்னு புடிச்சு கேக்கறது. தமிழ்ல ஆள விட்டுட்டு பேசறது எவ்வளவு சுலபம் பாருங்க, "கஷ்டமா இருக்கு", "முடியல", யாருக்கு, எது, எப்ப, ஒண்ணும் இருக்காது, ஆனா சொன்னவுடனே மனசு பூராவும் அடைச்சுக்கும். டையிங்காரர் ஒருநாள் "உங்க ஆர்டர்னாலே எப்பவும் பிரச்சனை தாங்க"ன்னார். பழைய நானா இருந்தா சண்டை தான். "எந்த ஆர்டர்ங்க, எந்த கலர்ல?"ன்னு பொறுமையா கேட்டேன், யோசிச்சு பாத்துட்டு சொல்றார், மெரூன் ஷேடு மட்டும் தான் ரெண்டு தடவை ரீ-டை, அதாவது திரும்ப சாயம் போட போச்சாம். அப்பறம் மெரூனுக்கு மட்டும் லேப் டிப்ப, அதாவது சாயம் போட்ட சின்ன மாதிரி துணிய, முன்னாடியே அனுப்பி அப்ரூவல் வாங்கினோம், பிரச்சனை முடிஞ்சுது.

ஆனா இத தப்பாவும் செஞ்சேன். புதுசா கத்துக்கிட்ட வேகத்துல வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் "எப்பவுமா? யார் சொன்னா?"ன்னு கேக்க, அவர் ரெண்டு நாள் பேசவே இல்ல. அடுத்த வகுப்புல சொன்னப்போ டிரெய்னர் சொன்னார், முதல்ல அவங்க மனசோட கூட நிக்கணும், கேள்வி அப்பறம். ரேப்போன்னு அதுக்கு பேரு. இன்னும் பழகிட்டு தான் இருக்கேன்.

ஆங்கரிங்கும் கொஞ்சம் கை குடுக்குது, அதாவது ஒரு நல்ல நினைப்ப ஒரு தொடுதலோட சேத்து பழகிக்கறது. ஊர்ல மழை பேஞ்ச அன்னைக்கு அப்பா கூட கிணத்து மேட்டுல உக்காந்திருந்த நேரத்த நல்லா மனசுக்குள்ள கொண்டு வந்து கட்டைவிரலையும் நடுவிரலையும் சேத்து அழுத்தி அழுத்தி பழகினது, இப்ப பையர் கால்க்கு முன்னாடி அப்படி அழுத்தினா மூச்சு நிதானமாகுது. விரலால ஆகுதா, அந்த அரை நிமிஷம் நிக்கறதால ஆகுதா, அது எதா இருந்தாலும் எனக்கு உதவுது.

பொண்ணு இப்ப பிளஸ் டூ. சைக்காலஜி படிக்கறேன்னு சொன்னா, "நாலு பேர் என்ன சொல்லுவாங்க கண்ணு"ன்னு என் வாயில வந்துருச்சு, வந்தவுடனே எனக்கே கேட்டுருச்சு. எந்த நாலு பேர்? ரெண்டு பேரும் உக்காந்து ஒரு நோட்டுல எழுதினோம். என் அண்ணன் பேரு வந்துச்சு, மாமியார் பேரு வந்துச்சு, அதுக்கு மேல ஆள் வரல. மாமியார் அடுத்த ரூம்ல தான் இருந்தாங்க, அவ போய் கேட்டா, "நீ நல்லா படி சாமி"ன்னுட்டாங்க. அண்ணனுக்கு நான் போன் போட்டேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், "ஹாஸ்டல் சாப்பாடு எப்படின்னு விசாரிச்சியா அம்மிணி?"