வாடை பிறக்காத ஐப்பசியில் உள்ளான் பார்த்தது

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் ஒன்று அடைமழை, இல்லையென்றால் மழைக்கு முந்தின புழுக்கம். இந்த வருஷம் இரண்டையும் காணோம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஓய்ந்துவிட்டது, வடக்கிலிருந்து அடிக்கிற வாடைக் காற்று இன்னும் பிறக்கவில்லை. நாள் பூரா வெயிலுக்குத் திரை போட்டது போல மெல்லிய மேகம். ராமநாதபுரத்தில் விடிகாலையில் ஃபேனைக் குறைத்து வைத்துத் தூங்குகிறோம் என்று சொன்னால் ஊர்க்காரர்களுக்கு மிச்சம் புரிந்துவிடும்.

இந்தப் பருவத்தை வீட்டில் உட்கார்ந்து கழிக்க மனசில்லை. பறவை பார்ப்பது எனக்குப் பழைய பழக்கம்தான். ஆனால் கண்மாய்ப் பறவைகள் எல்லாம் பெரியவை: கூழைக்கடா, நாரை, அரிவாள் மூக்கன். தூரத்தில் நின்றாலே அடையாளம் தெரியும். கடற்கரைச் சேற்றில் ஓடுகிற சின்னச் சின்ன சாம்பல் நிறப் பறவைகளை மட்டும் ‘ஏதோ உள்ளான்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்த முறை அதைத்தான் உட்கார்ந்து படிப்பது என்று முடிவு செய்தேன்.

இடம், தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றிய கழி, அதாவது கடல்நீர் ஏறித் தேங்குகிற ஆழமில்லாத பரப்பு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே துடைத்துவிட்டுப் போன பிறகும் நிற்கிற கோயில் அது. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்ததிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பூநாரை பெருங்கூட்டமாக வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதனால் இப்போது அந்தச் சேறு எனக்கும் ஆடு மேய்க்கிறவர்களுக்கும்தான்.

சாதாரண நாளில் அங்கே உள்ளான் பார்ப்பது பெரிய பாடு. காற்று பைனாகுலரை நிலையாகப் பிடிக்க விடாது, மணல் முகத்தில் அறையும். காற்று இல்லாத நாளில் எட்டு, ஒன்பது மணிக்கே சேற்றுக்கு மேல் கானல் ஆட ஆரம்பித்துவிடும். காலின் நிறம், அலகின் நுனி எல்லாம் கரைந்து போகும். இந்த மேகமூட்டத்தில் இரண்டு தொல்லையும் ஒரே நேரத்தில் ஒழிந்தன. 11 மணிக்குக்கூட பறவையின் கண்ணில் ஒளிப்புள்ளி தெரிந்தது. என்னிடம் இருப்பது பழைய 8×42 பைனாகுலர் மட்டும். அதுவே போதும் என்று ஆனது இந்த வானிலையின் புண்ணியம்.

முதலில் நிறத்தைப் பார்ப்பதை அடியோடு விட்டேன். குளிர்காலத்தில் இவை எல்லாமே மேலே சாம்பல், கீழே வெள்ளை. நடையைப் பார்க்க வேண்டும். நான் ‘ஏதோ உள்ளான்’ என்று எழுதியதில் உப்புக்கொத்தி என்கிற வேறு வகையும் கலந்திருக்கும். அது விறுவிறுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கண் பெரிசு, அலகு குட்டை. கண்ணால் பார்த்துத்தான் இரை பிடிக்கும், அதனால்தான் அந்த நிறுத்தம். உள்ளான் அப்படியில்லை. தலையைக் குனிந்தால் நிமிர்வதே இல்லை. அலகு நுனியின் தொடு உணர்வால் சேற்றுக்குள் இருக்கும் புழுவைக் கண்டுபிடிக்கும். இந்த ஒரு வித்தியாசம் மனசில் உட்கார்ந்ததும் பாதிக் கூட்டம் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிட்டது.

அடுத்து உயரம். கூட்டத்தில் மிகச் சின்னது கொசு உள்ளான். காயப்போட்ட நெல்லில் கோழிக்குஞ்சுகள் இறங்கியது போல மேலாகப் பொறுக்கிக்கொண்டே போகும். கால் கறுப்பு. அதைவிடக் கொஞ்சம் உயரமாக, அலகு கீழ்நோக்கி வளைந்து, வயிறு நனையும் ஆழத்தில் நின்று ஆழமாகக் குத்துவது வளைந்த அலகு உள்ளான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மேய்ந்தாலும் நீர்விளிம்பில் தனித்தனி இடம் பிடித்துக்கொள்கின்றன. அதைக் கவனித்த பிறகு, பறவையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அது நிற்கிற தண்ணீரைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

ஒரு காலை, கரையோரப் பனைமட்டைக் குவியல் பக்கம் அசையாமல் குந்தியிருந்தபோது ஒரு கொசு உள்ளான் மேய்ந்துகொண்டே பத்தடிக்குள் வந்துவிட்டது. முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள், பின்னால் சேர்ந்து கூம்பாக. ஒவ்வொரு இறகுக்கும் பழுப்பு விளிம்பு, ஒன்றுகூடத் தேயாமல். அது இந்த வருஷக் குஞ்சு. வளர்ந்த பறவைகள் முந்தியே கிளம்பிவிடும். குஞ்சுகள் பிறகு தனியாகக் கிளம்பி, போகாத வழியில் போய்ச் சேரும். வடதுருவத்தை ஒட்டிய தரையில் பொரித்து, முப்பது கிராம்கூடத் தேறாத உடம்போடு முதல் முறையாக ராமேஸ்வரம் தீவுக்கு வந்து, என் செருப்புக்குப் பக்கத்தில் எதையோ விழுங்கிவிட்டு நகர்ந்தது. ஃபோனை எடுக்கவில்லை, எடுத்திருந்தால் பறந்திருக்கும்.

கரைவலை இழுக்க வந்த அண்ணன் ஒருவர் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“என்ன தம்பி, வெறுஞ்சேத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

“உள்ளான் பாக்குறேண்ணே.”

“பாக்குறதுன்னா இப்பவே பாத்துக்கங்க. வாடை பொறந்துச்சுன்னா தண்ணி பூரா ரோட்டுப் பக்கம் ஏறிக்கிடும். அப்புறம் சேறும் இருக்காது, உங்க குருவியும் அங்கிட்டுப் போயிரும்.”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பாக் நீரிணையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இல்லை. தட்டையான இந்தக் கழியில் காற்று தள்ளுவதே பெரிய கணக்கு. அலை அட்டவணையை ஃபோனில் பார்த்துவிட்டுக் கிளம்புவதைவிட, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுக் கிளம்பினால் பறவை கிடைக்கிறது.

தீவின் வடகரை ஓலைக்குடாவுக்கும் போனேன். ஐப்பசி கடைசியில் அந்தப் பக்கம் கடல் கலங்கி அடிக்க வேண்டும். இப்போது அடியில் கல்லும் புல்லும் தெரிகிற தெளிவு. கரையில் ஒதுங்கிய கடற்புல் குவியலைக் கல்திருப்பி உள்ளான்கள் அலகால் நெம்பிப் புரட்டிக்கொண்டிருந்தன. ஆரஞ்சுக் கால், கறுப்பு மார்புப் பட்டை. இதற்குப் புத்தகமே வேண்டாம். நண்டுதின்னி மட்டும் கண்ணில் படவில்லை. அரபுக் கடலோரங்களில் மணலில் வளை தோண்டி முட்டையிட்டுவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வருகிற கறுப்பு வெள்ளைப் பறவை. அதற்காகவே தனுஷ்கோடி ரோடு முடிகிற அரிச்சல்முனை வரை போய்த் திரும்பினேன். ஐஸ்கிரீம் வண்டிகளும் செல்ஃபியும்தான் கிடைத்தன.

இவ்வளவு ரசித்தாலும் ஊருக்குத் திரும்பும்போது மழைக்குக் காத்துக் கிடக்கிற சக்கரக்கோட்டைக் கண்மாயைப் பார்த்தால் வாய் அடைத்துப் போகிறது. 2025 பிப்ரவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த கண்மாய். கரையோர உள்ளானுக்குக் கடல் சோறு போடும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். கண்மாய் நாரைக்கு அப்படியில்லை. தண்ணீர் நின்றால்தான் கருவேல மரத்தில் கூடு கட்டும். புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கிற சம்சாரியிடம் போய் ‘அருமையான கிளைமேட்’ என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மாமா ஒருத்தர் மிளகாய் நாற்றுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறார். அவர் வீட்டுக்குப் போனால் பைனாகுலரைப் பைக் பெட்டியிலேயே வைத்துவிடுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஆறு மணிக்கு முன்னால் தனுஷ்கோடி ரோட்டில் விட மாட்டார்கள், அவசரப்பட வேண்டாம். வெள்ளைச் சட்டை போடாதீர்கள். சேறு மேலே காய்ந்தது போல இருக்கும், முழங்கால் வரை உள்ளே வாங்கும்; கரையிலேயே குந்துங்கள். நாய் வந்தால் அன்றைய கதை முடிந்தது.

இப்போதைய நிலவரம்: கொசு உள்ளானும் வளைந்த அலகு உள்ளானும் இனி எனக்குக் குழப்பம் தராது. மணல் உப்புக்கொத்தியில் சிறியதும் பெரியதும் இன்னும் இழுபறி. அலகின் நீளத்தை, அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தோடு ஒப்பிட வேண்டும்; அதைவிட நீளமாக இருந்தால் பெரியது. பறவை பக்கவாட்டில் நின்றால்தானே அளக்க முடியும்? பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் தளத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே பதிவாகப் போட இடம் இருக்கிறது, அதில்தான் போட்டு வருகிறேன். வாடை பிறந்ததும் வடகரையை விட்டுவிட்டு வாலிநோக்கம் பக்கம் தென்கடலுக்கு மாறுவதாகத் திட்டம். அதற்குள் ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்துப் பறவையைப் பெரிதாகக் காட்டும் தொலைநோக்கி) ஒன்றை யாராவது கடன் கொடுத்தால் நல்லது.