ரிப்போர்ட்டில் ஹெர்-2 '2+' என்று வந்தபோது

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அவளுடைய பயாப்ஸி ரிப்போர்ட்டில் எங்களை அலைய வைத்தது கடைசி வரிதான். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இல்லை, புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் இல்லை, அதில் குழப்பமில்லை. அதற்குக் கீழே 'ஹெர்-2: 2+' என்று போட்டு விட்டுவிட்டார்கள்.

ஹெர்-2 என்பது செல்லின் மேலுறையில் இருக்கும் வளர்ச்சிக் காரணி ஏற்பி. வெளியிலிருந்து ஒரு காரணி வந்து ஒட்டினால் 'பெருகு' என்ற சமிக்ஞையை உள்ளே அனுப்புவதுதான் இந்த வகை ஏற்பிகளின் வேலை. ஆனால் ஹெர்-2வில் நேரடியாக வந்து ஒட்டும் காரணி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. அது பக்கத்து ஏற்பியோடு ஜோடி சேர்ந்து வேலை செய்யும். எண்ணிக்கை அளவுமீறிப் போனால் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்து, யாரும் கூப்பிடாமலே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 15 முதல் 20 சதவீதம் இந்த ரகம்.

செல்களில் ஹெர்-2 எவ்வளவு இருக்கிறது என்று சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனையில் 3+ வந்தால் பாசிட்டிவ். 0, 1+ என்றால் நெகட்டிவ். 2+ ரெண்டுங்கெட்டான். அதற்கு ஹெர்-2 மரபணுவின் நகல்களையே எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை செய்ய வேண்டும். வீட்டில் எல்லோரும் "கீமோவை உடனே ஆரம்பிக்கச் சொல்லு" என்று நெருக்கினார்கள். டாக்டர் அசையவில்லை. "ஹெர்-2 இருந்தா ஒரு வழி, இல்லைன்னா வேற வழி. தெரியாம ஆரம்பிக்க மாட்டேன்" என்றார். அந்தப் பிடிவாதத்துக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஃபிஷ் வேறொரு லேபில்தான் செய்வார்கள். அதற்கு முதல் லேபிலிருந்து பிளாக்கை வாங்க வேண்டும்: பயாப்ஸித் துணுக்கை மெழுகில் புதைத்த, விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் கேசட். கவுன்டரில் சாயம் ஏற்றிய ஸ்லைடுகளை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். டாக்டர் கடிதத்தைக் காட்டிக் கேட்ட பிறகுதான் பிளாக் வந்தது. வாங்கியதும் அதிலுள்ள எண்ணை ரிப்போர்ட் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட் வாங்கப் போன அன்று லேப் மருத்துவர் படத்தைத் திரையில் காட்டினார். நீல வட்டங்கள் செல்களின் உட்கருக்கள். பச்சைப் புள்ளிகள் 17ஆவது குரோமோசோமின் நடுப்பகுதி. சிவப்பு, ஹெர்-2 மரபணு. சாதாரண செல்லில் சிவப்பு இரண்டுதான் இருக்கும். அக்காவின் செல்களில் சிவப்பு கொத்துக் கொத்தாக அப்பிக் கிடந்தது. பல செல்களில் எண்ணி, சிவப்பைப் பச்சையால் வகுக்கிறார்கள். விகிதம் 2க்குக் குறையாமலும், சிவப்பு சராசரியாக 4க்குக் குறையாமலும் இருந்தால் பாசிட்டிவ். எங்களுக்கு விகிதமே 3ஐத் தாண்டியிருந்தது.

பாசிட்டிவ் என்றதும் சந்தோஷப்படுவதா என்று அக்காவுக்குக் குழப்பம். ஒரு காலத்தில் அது கெட்ட செய்திதான். ஹெர்-2 நகல்கள் பெருகியவர்களுக்கு நோய் வேகமாகத் திரும்புகிறது என்று அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனின் குழு 1987இல் காட்டியது. அந்த ஏற்பியையே குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு கதை மாறியது.

கீமோவோடு சேர்த்து அந்த மருந்து, 3 வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஒரு வருடத் திட்டம். முதல் டோஸ் கிலோவுக்கு 8 மில்லிகிராம், 90 நிமிடம் ஏறும். அப்புறம் கிலோவுக்கு 6. முதல் நாள் குளிரும் காய்ச்சலும் வந்தன. நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை.

கீமோவின் வாந்தி, முடி உதிர்வு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எங்களைத் தடுக்கியது இதயம். இதயத் தசையும் தன்னைப் பேணிக்கொள்ள ஹெர்-2வைப் பயன்படுத்துகிறது. மருந்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. அதனால்தான் ஆரம்பத்திலும், பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறையும் எக்கோ என்ற இதய ஸ்கேன். 62 சதவீதமாக இருந்த இதயத்தின் பம்பிங் திறன் பாதி வழியில் 48க்கு இறங்கியது. அக்காவுக்கு மூச்சுத் திணறல் எதுவும் இல்லை. எக்கோ எடுக்காவிட்டால் தெரிந்தே இருக்காது. மருந்தை நிறுத்தி, இதயத்துக்கு மாத்திரை கொடுத்து, 4 வாரம் கழித்துப் பார்த்ததில் 57.

மருந்தைத் திரும்பத் தொடங்கியபோது பழையபடி கிலோவுக்கு 8 மில்லிகிராம் கணக்கு. டோஸ் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் முதலிலிருந்து ஏற்றித்தான் ஆக வேண்டுமாம். எக்கோவை அதே இடத்தில், முடிந்தால் அதே மருத்துவரிடமே எடுக்கச் சொன்னார்கள். ஆள் மாறினால் சில புள்ளிகள் கூடக் குறைய வருமாம். சிகிச்சை முடிந்த பிறகும் அந்த எக்கோ கொஞ்ச காலம் தொடர்கிறது.