எடை எந்த டேபிளில் விழ வேண்டும்

"நடுவுல வேற ஒரு டேபிள் என்னத்துக்கு மக்கா? தராசுல காட்டுகத நேரே பில்லுல விழ வச்சா போராதா?"

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடையின் முதலாளி கேட்டது. தராசு காட்டும் எடை நேரே பில்லுக்குப் போகாமல் முதலில் கம்ப்யூட்டரில் ஒரு தனி டேபிளில் (பதிவுகளை வரிவரியாக வைக்கும் அட்டவணை) விழும்படி நான் வைத்ததைத்தான் சொன்னார். "ரெண்டு பேரு ஒரே நேரத்துல ஒரே வரியில எழுதினா மோதும் அண்ணே" என்றேன். சரியான பதில்தான். ஆனால் அவர் கேட்டது வேறு என்று பிறகுதான் தோன்றியது.

பில் போடுவது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபார்மில். டேபிள்கள் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற டேட்டாபேஸில், இரண்டையும் இணைப்பது ஓடிபிசி லிங்க். எடை மெஷினின் ஆர்எஸ் 232 (சீரியல்) கேபிளில் யூஎஸ்பி மாற்றி வழியாக வரும் எண்ணை ஒரு சின்ன புரோகிராம் வாசிக்கிறது. கேபிளை வேறு யூஎஸ்பி துளையில் மாற்றிச் செருகினால் காம் போர்ட் எண் (கம்ப்யூட்டர் அந்தக் கேபிளுக்கு வைக்கும் எண்) மாறிவிடலாம், அப்போது புரோகிராமுக்கு எதுவும் வராது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் எண்ணைப் பழையபடி மாற்றினால் அது தீர்ந்தது.

மோதல் அப்படித் தீராது. கணக்குப்பிள்ளை கொள்முதல் வரியைத் திறந்து தரமும் விலையும் அடித்துக்கொண்டிருக்கும்போது புரோகிராம் அதே வரியில் எடையை எழுதுகிறது. அவர் சேமிக்கப் போனால் 'ரைட் கான்ஃப்ளிக்ட்' பெட்டி வரும், இடையில் வேறொருவர் இதே வரியை மாற்றிவிட்டார் என்று. 'டிராப் சேஞ்சஸ்' அமுக்கினால் அவர் அடித்தது அத்தனையும் போச்சு. மழை விட்டுப் பால்வெட்டு மும்முரமாகி, ஷீட் கட்டோடு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அந்தப் பெட்டியை யார் படிப்பார்கள்?

டேபிளில் ரோவெர்ஷன் பத்தி (வரி மாறும்போதெல்லாம் தானே மாறும் எண்) சேர்த்தால் போதும் என்பார்கள். பொய் மோதலுக்கு அது நல்ல மருந்து. அது இல்லாத டேபிளில் ஆக்சஸ் பழைய மதிப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிடும். எடை ஃப்ளோட்டாக (தோராயமாக வைக்கும் எண் வகை) இருந்தால் கடைசி இலக்கம் பொருந்தாமல், யாருமே தொடாத வரியைக்கூட மாறிவிட்டது என்று சொல்லும். எடைக்கு டெசிமல்தான் (துல்லியமாக வைக்கும் எண் வகை) வைக்க வேண்டும். ஆனால் இங்கே நடப்பது நிஜமான மோதல். ரோவெர்ஷன் அதைக் காட்டிக்கொடுக்கும், தடுக்காது.

அதனால்தான் தனி எடை டேபிள். எண் ஆடாமல் நின்ற பிறகே புரோகிராம் ஒரு வரி சேர்க்கும். அதன் லாகினுக்கு இன்செர்ட் (புது வரி சேர்க்கும்) அனுமதி மட்டும். கணக்குப்பிள்ளையின் லாகினுக்கு அந்த டேபிளில் செலக்ட் (பார்க்கும் அனுமதி) மட்டும். ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் சாவி எண்ணுக்கு பிகின்ட் என்ற பெரிய எண் வகை வேண்டாம், இன்ட் என்ற சாதாரண வகை போதும். பழைய ஆக்சஸில் பிகின்ட் சாவி வைத்தால் வரி முழுக்க '#டெலீட்டட்' என்று காட்டும். கொள்முதல் வரியில் அந்த எடை வரியின் சாவி எண் மட்டும் பதியும்.

அடுத்து முதலாளி சொன்னதுதான் இன்னும் மனதில் கிடக்கிறது: "ஷீட்டு கொண்டு வாறவன் தராசத்தான் பாப்பான். கம்ப்யூட்டருக்க உள்ள என்ன நடக்குன்னு அவனுக்குத் தெரியுமா?"

நேரே விழும் எடையில் யார் கையும் படாது. என் ஏற்பாட்டில் எடைப் பட்டியலில் இருந்து ஒருவர் எடுத்துப் போடுகிறார். ஒரே எடை இரண்டு பில்லில் ஏறாதபடி கொள்முதல் டேபிளில் அந்த எண்ணுக்கு யுனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பது) போடலாம். எடை இல்லாத வரிகள் பல இருக்கும், எஸ்க்யூஎல் சர்வரோ யுனிக் இண்டெக்ஸில் ஒரு 'நல்'லுக்கு (Null, மதிப்பு இல்லாத இடம்) மேல் விடாது. ஆகவே 'நல்' இல்லாத வரிகளுக்கு மட்டும் என்று ஃபில்டர் போட வேண்டும். இது இரட்டைப் பதிவைத் தடுக்கும். ஷீட் கொண்டு வந்தவனின் கட்டுக்கு முந்தைய ஆளின் எடையைப் போடுவதைத் தடுக்காது.

கடைசியாக விழுந்த எடையை ஃபார்மே எடுக்கட்டும், வேறு எடை வேண்டுமென்றால் காரணம் எழுதட்டும் என்று வைக்கலாம். அதுதான் இப்போதைக்கு எனக்குப் பிடித்த வழி. ஆனால் எழுதும் காரணத்தைச் சரிபார்க்க எந்த இண்டெக்ஸும் கிடையாது. பில்லில் ஏறாத எடைகளைச் சாயங்காலம் தனிப் பட்டியலாக எடுத்து முதலாளியிடம் கொடுக்கலாம். ஈர ஷீட்டைத் திருப்பி அனுப்பியதும் அதில் இருக்கும், வேண்டுமென்றே விட்டதும் இருக்கும். இரண்டும் அந்த டேபிளில் ஒரே மாதிரிதான் தெரியும்.